இடது தோளுக்குச் செய்தது

ஜூன் 8, 2025

வீட்டில் துப்பாக்கி வைத்திருந்த அப்பா அதை ஒருமுறைகூடத் தோளில் வைத்துக் குறிபார்த்து நான் கண்டதில்லையே, ஏன்? எனக்குத் தெரியவில்லை. இன்று முழுக்க யோசித்தும் தெரியவில்லை.

தீபாவளி காலையில் மட்டும் வெளியே எடுப்பார். முற்றத்தில் நின்று, இடுப்போடு அணைத்துப் பிடித்து, வானத்தைப் பார்த்து ஒரே ஒரு தோட்டா. தோட்டத்து ஆட்கள் கை தட்டுவார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடி பீரோவுக்குள் வைத்துவிடுவார். அவ்வளவுதான் அதன் வருஷாந்திர வேலை.

அப்பா பிப்ரவரியில் இறந்தார். லைசென்ஸ்காரர் இறந்தால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதால் மதுரையில் சிக்கந்தர் பாயின் ஆயுதக் கடையில் ஒப்படைத்திருக்கிறோம். ஜூலை 31-க்குள் வாரிசு யாராவது தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அரசாங்கத்திடம் போய்விடும். அங்கே உடைத்து உருக்கிவிடுவார்களாம்.

அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். “கொடி, எழுதிக் குடுத்துத் தலை முழுகிருவோம். அம்மா ஒத்தையில மலைமேல இருக்கா. அங்க எதுக்கு அந்தச் சனியன்?”

நியாயமாகத்தான் பட்டது. சரி என்றேன்.

மிளகுக் கொடிக்கு மருந்து அடிக்க ஆள் வரவில்லை. எங்கள் தோட்டம் இருக்கும் பண்ணைக்காட்டுப் பக்கம் நல்ல மழை.

ஜூன் 10

கல்லூரி வேலையாக மதுரைக்கு வந்தவள் சிக்கந்தர் பாய் கடைக்கும் போனேன். டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. பாய்க்கு எழுபது வயது இருக்கும். மேஜை மேல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குழல் தங்கமா இருக்கு டீச்சர். உள்ளே ஒரு புள்ளி துரு கிடையாது. ஆனா கட்டை, தோள்ல வைக்கிற பின்பக்க மரம், கோணிப்போச்சே.”

“கோணலா?”

“இங்க பாருங்க. பின்னாலேர்ந்து பார்த்தா இடது பக்கமா வளைஞ்சு போவுது. மலை ஈரம். அளவும் குட்டை. யாரோ அறுத்திருக்காங்க. இதைத் தோள்ல வச்சா கன்னத்தைப் பேத்துரும்.”

அப்பாவும் அதையேதான் சொல்வார். ‘மழையில் நனைந்து வளைந்துவிட்டது.’ ரசீதில் பாய் ‘கட்டை பழுது’ என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

குழலின் அடியில் ஒரு கிரீடச் சின்னம், ஓர் எண்: 21877. பூட்டுத் தகட்டில் கொடி போலச் சுற்றும் எழுத்தில் தார்ன்பி அண்ட் கெல்சோ, பர்மிங்ஹாம். அந்தப் பெயரைப் பார்த்ததும் கடையில் நின்றபடியே எனக்கு எட்டு வயது ஆகிவிட்டது.

ஜூன் 11

பரீட்சைத் தாள் திருத்தினேன். நூற்றுப் பன்னிரண்டு.

ஜூன் 14

வார இறுதிக்குத் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். அம்மா பலாக்கொட்டை அவித்து வைத்திருந்தாள்.

பரணில் தேடி அந்தப் புத்தகத்தை எடுத்தேன். பச்சைத் துணி அட்டை, கரையான் அரித்த முதுகு. தார்ன்பி அண்ட் கெல்சோ கம்பெனியின் 1934-ஆம் வருஷத்து விலைப்பட்டியல். தோட்டத்தின் பழைய முதலாளி கேரோ துரையும் அவர் மனைவியும் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன சாமான்களில் ஒன்று. அவர்களிடம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த அப்பா, பன்னிரண்டு ஏக்கரை அவர்களிடமே வாங்கினார். துப்பாக்கி அதோடு வந்தது என்பார்.

நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படித்தது இதில்தான். நவம்பர் மழையில் பஸ் வராது, பள்ளிக்கூடம் கிடையாது. அடுப்படியில் அம்மா காப்பிக் கொட்டை வறுக்க, நான் குப்புறப் படுத்துக்கொண்டு ‘வால்நட்’, ‘எஜெக்டர்’ என்று உரக்கப் படிப்பேன். அம்மா கரண்டியை நிறுத்திக் கேட்பாள். மூன்றாம் பக்கத்தில் தாடி வைத்த ஒருவரின் படம் இருந்தது. அவர்தான் கெல்சோ என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். அவர் நல்லவர்.

இன்று நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்தேன். அப்போது படம் இல்லாத பக்கம் என்று தாண்டியிருப்பேன். ‘தோட்ட நிர்வாகிகளுக்கு: கூலிகள் கட்டுக்கடங்காத நேரங்களில் வாசலில் சாய்த்து வைத்தாலே போதுமான, கம்பீரத் தோற்றமுள்ள துப்பாக்கி.’ விலையில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டாம்.

முதல் பக்கத்தில் ‘1798 முதல்’ என்று இருக்கிறது. இருபத்து நான்கு வருஷமாக வரலாறு கற்பிக்கிறேன். எந்தக் கம்பெனியின் முதல் பக்கத்தையும் நான் நம்புவதில்லை.

வலையில் தேடியதில், கம்பெனி 1974-இல் மூடப்பட்டது என்றும், அதன் பேரேடுகளைப் பர்மிங்ஹாமில் ஒரு சிறு சங்கம் பாதுகாக்கிறது என்றும் தெரிந்தது. எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போட்டேன். உருக்குவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்றாவது எழுதி வைத்துக்கொள்ளலாமே என்றுதான்.

ஜூன் 21

பதில் வந்துவிட்டது. ப்ரையன் ஹாட்லி என்பவர் எழுதியிருக்கிறார். எழுபத்திரண்டு வயது. பதினாறு வயதில் அந்தக் கம்பெனியில் கட்டை செதுக்கும் பிரிவில் வேலை பழகச் சேர்ந்தவர். கதவை மூடியபோது இருந்த கடைசி மூன்று பேரில் ஒருவர். பேரேடுகளைக் குப்பை வண்டியில் ஏற்றியபோது இரண்டு சைக்கிள் நடையில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்.

நான் கேட்காததையும் எழுதியிருக்கிறார். 1798 பொய். கம்பெனி தொடங்கியது 1846-இல். திவாலான வேறொரு கடையின் பெயர்ப்பலகையை ஏலத்தில் எடுத்த தார்ன்பி, அதிலிருந்த வருஷத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். கெல்சோ என்று யாரும் இருந்ததே இல்லை. ஸ்காட்லாந்துப் பெயர் இருந்தால் வேட்டைப் பிரபுக்கள் வாங்குவார்கள் என்று வைத்தது.

சிரித்துவிட்டேன். நாற்பது வருஷம் கழித்து அந்தத் தாடிக்காரர் இப்படிப் போவார் என்று எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

ஒரு துப்பாக்கியை முழுதாகச் செய்தவர் என்று அந்த ஊரில் எவரும் கிடையாதாம். குழல் ஒரு சந்தில், பூட்டு இன்னொரு சந்தில், கட்டை மூன்றாவது சந்தில். அரைகுறைத் துப்பாக்கிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருத் தெருவாகக் கொண்டுபோவது புதிதாகச் சேர்ந்தவர்களின் வேலை. குழலில் அளவுக்கு மீறி மருந்து கெட்டித்து வெடித்துப் பார்ப்பார்கள். வெடித்துச் சிதறாமல் நின்றால் கிரீடச் சின்னம். முதல் உலகப் போரில் நானூறு பேர் ராணுவத்துக்கு வேலை செய்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். போர் முடிந்த வாரமே பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேரேட்டில் அவர்கள் பெயர் இல்லை. ‘பெண்கள், 230’ என்று ஒரே வரிதான். பிறகு இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்த துரைமார்களை நம்பிப் பிழைத்தது. துரைமார் கப்பலேறியதும் ஆர்டர் நின்றது. கடைசி வருஷங்களில் தோட்டக் கத்திரி செய்து விற்றார்கள்.

எண் 21877: 1936-இல் ஹெச். கேரோ என்பவருக்கு விற்றது. பிறகு 1970-இல் கட்டை மாற்ற மறுபடி வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேடி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

1970-இல் மாற்றியதா? மழையில் வளைந்தது என்றல்லவா சொன்னார்கள்?

ஜூன் 22

அம்மாவின் கண்ணைப் பரிசோதிக்க வத்தலக்குண்டுக்குக் கூட்டிப்போனேன். வலது கண்ணில் புரை. ஆபரேஷன் வேண்டாமாம். “ஒண்ணு நல்லாத்தானே தெரியுது. ரெண்டும் தெரிஞ்சு என்னத்தப் பாக்கப் போறேன்.”

ஜூன் 28

ஹாட்லி 1970-ஆம் வருஷத்துப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். கூடவே, அந்தப் பக்கத்தில் குண்டூசியால் குத்தியிருந்த ஒரு தாளையும். கம்பெனி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் அளவுப் படிவம் அது. தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போல அவர்கள் துப்பாக்கிக்கு ஆளை அளவெடுப்பார்களாம்: முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை, தோளிலிருந்து கண் வரை, எந்தத் தோள், எந்தக் கண்.

‘படிவத்தின் அடியில் இருப்பது எந்த மொழி என்று ஐம்பத்தைந்து வருஷமாக எங்களுக்குத் தெரியாது. உங்களால் படிக்க முடியுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

முடிந்தது. நீல மசியில், எழுத்து எழுத்தாக நிறுத்தி எழுதியிருந்தது:

இரா. தங்கபுஷ்பம்
ஐந்தாம் வகுப்பு
இடது கை

அம்மாவின் பெயர், அம்மாவின் எழுத்து. எந்தப் படிவத்திலும் பெயருக்குக் கீழே தன் படிப்பை எழுதிவிடுவாள். ரேஷன் கார்டு மனுவில்கூட எழுதியிருக்கிறாள்.

பேரேட்டுப் பக்கத்தைத் தமிழில் எழுதி வைக்கிறேன்: ‘புதுக் கட்டை. நீளம் பதின்மூன்று அங்குலம். இடது தோளுக்காக இடப்பக்கம் வளைத்தது. திருமதி ஆர். அவர்களுக்கு. கொடுப்பவர்: திருமதி கேரோ.’

வளைந்தது இல்லை. வளைத்தது.

ஜூன் 29

அம்மாவிடம் கேட்கவில்லை. வாழைத்தார் வெட்டும் நாள். இருபத்தாறு தார் இறங்கின.

ஜூலை 3

கேட்டேன். எப்படிக் கேட்பது என்று நான்கு நாள் யோசித்தேன். கடைசியில் அந்தத் தாளை அச்செடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “இதை இன்னமுமா வச்சிருக்கானுவ?” என்றாள்.

பிறகு சொன்னாள். கல்யாணமாகி வந்த புதிதில் வாழைக் குருத்தைத் தின்ன வந்த குரங்கை அவள் கவண்கல்லால் அடித்ததைக் கேரோவின் மனைவி பார்த்திருக்கிறார். இடது கை வீச்சு. “எங்க ஊருல சோளக்காட்டுல கிளி விரட்டுனவதான நான். அந்தம்மா என்னை வங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பிச்சு. திட்டப் போகுதுன்னு நெனச்சுப் போனேன். தகர டப்பாவை வேலி மேல வச்சுக் கையில துப்பாக்கியக் குடுத்துச்சு. ரெண்டாவது வெடியில விழுந்துருச்சு.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவருதான வேலி மேல டப்பா வச்சாரு.”

அந்த அம்மாளுக்குப் பிள்ளை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் டப்பா சுடுவார்களாம். கடைசி விடுமுறைக்குச் சீமைக்குப் போகுமுன் தையல் டேப்பை வைத்து அளவெடுத்தாராம். “என்னத்துக்கு அளக்குதுன்னு எனக்குத் தெரியலை. ரவிக்கை தைக்கப்போகுதுன்னு நெனச்சேன். விரலை எதுக்கு அளக்குதுன்னுதான் புரியலை. அடியில பேரும் எந்தக் கைன்னும் எழுதச் சொல்லுச்சு, எழுதுனேன்.”

ஆறு மாசம் கழித்து வந்தது ரவிக்கை இல்லை.

லைசென்ஸ் மட்டும் அப்பா பெயரில். அந்தக் காலத்துக் குமாஸ்தா பொம்பளை பெயரை எழுதக் கூச்சப்பட்டானாம்.

இத்தனையும் சொல்லிவிட்டு எழுந்து போய்க் கோழியை அடைத்தாள். நாற்பத்தொன்பது வருஷமாக இவளுக்கு மகளாக இருக்கிறேன்.

ஜூலை 5

அப்பாவின் பன்றிக் கதையை இங்கே எழுத வேண்டும்.

1977 ஜனவரி, காப்பிப் பழம் எடுக்கும் சமயம். பழம் பறிக்கும் பெண்கள்மேல் காட்டுப்பன்றி பாய்ந்து வருகிறது. அப்பா நாற்பது அடி தூரத்திலிருந்து ஒரே தோட்டாவில் சாய்க்கிறார். யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. கல்லூரி சேர்ந்த பிறகு நான் குறுக்கே கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் நின்றீர்கள், வெயில் எங்கே இருந்தது, பன்றியின் கோரைப்பல் எங்கே. ஒருமுறை விருந்தாளிகள் முன்னால், “அப்பா கதையில வருஷத்துக்கு அஞ்சு கிலோ பன்னி வளருது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதற்குப் பிறகு நான் இருக்கும்போது அந்தக் கதையைச் சொன்னதில்லை.

இன்று அம்மாவிடம், “அப்போ அந்தப் பன்னி?” என்றேன்.

“நெசம்தான்.”

“யார் சுட்டா?”

“அந்தக் கட்டை அவரு தோளுக்கு எங்க பொருந்தும்?” கீரையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். “பன்னி இறங்குனதும் ஆளாளுக்கு ஓடுனாங்க. அவரு ஆரஞ்சு மரத்துல ஏறிட்டாரு. பயந்தா கை காலு தானா ஏறும், அதுல என்ன தப்பு. துப்பாக்கி கீழ கெடந்துச்சு. எடுத்தேன்.”

“அப்புறம் ஏன் அப்பா சுட்டதா?”

“நான்தான் சொன்னேன். ரெண்டு நாளு மனுஷன் சோறு திங்கலை. என் மொகத்தப் பாக்கலை. மூணாம் நாளு பண்ணைக்காட்டுலேர்ந்து ஆளுக வந்தாக, யாரு சுட்டதுன்னு. அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள, இவுகதான்னுட்டேன். அன்னிக்குச் சாப்பிட்டாரு.”

அதன் பிறகு அவள் துப்பாக்கியைத் தொடவில்லை. தொட்டால் ஊர் பார்க்கும், இடது தோளில் பொருந்தும், தெரிந்துவிடும்.

“இப்ப என் பேருக்கு மாத்து,” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“கதைய அவரு எடுத்துக்கிட்டாரு. நல்லாத்தான் வச்சிருந்தாரு. துப்பாக்கி என்னோடது. அதை உருக்க இவன் யாரு?”

அண்ணன் சம்மதக் கடிதம் கொடுக்காமல் எதுவும் நடக்காது, அவனிடம் உண்மையைச் சொன்னால்தான் கொடுப்பான் என்றேன்.

“அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது. அவனுக்கு அவங்கப்பா வேணும். நீதான் எதையும் நம்ப மாட்டே. உனக்கு ஒண்ணும் குறையப்போறதில்லை.”

ஜூலை 9

ஹாட்லிக்குத் தாளில் எழுதியிருப்பதை ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தேன். இன்று பதில். அவருக்கு நினைவிருக்கிறதாம். அவருடைய மேஸ்திரி அந்த அளவைப் பார்த்துவிட்டு, யாரோ பிள்ளைக்கு எழுதிவிட்டார்கள், இந்தியாவில் அங்குலம் தெரியாது போல என்று சொன்னாராம். பிறகு, தாளில் இருப்பதைத்தான் வெட்ட வேண்டும் என்று வெட்டினார்களாம். அந்த மரத்துக்குக் கடைசி எண்ணெய் தேய்த்தது பதினேழு வயது ஹாட்லி. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: பொருந்தியதா?

அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“பொருந்துச்சுன்னு எழுது. கன்னம் படுற எடத்துல மட்டும் ஒரு நூல் ஜாஸ்தி. கண்ணாடிச் சில்லு வச்சு நானே சொரண்டி எடுத்துட்டேன். அவுகளைக் குத்தம் சொல்லலை, அந்தம்மா பிடிச்ச டேப்பு தொளதொளன்னு இருந்துச்சு.”

அப்படியே எழுதினேன்.

ஜூலை 13

அண்ணனோடு போனில் முக்கால் மணி நேரம்.

“எழுபத்தேழு வயசுல அம்மாவுக்குத் துப்பாக்கியா? நீ படிச்சவதானே?”

“அப்பா ஞாபகமா வச்சுக்கட்டும்ணே.” என் வாயில் இப்படி ஒரு வாக்கியம் வந்ததே எனக்குக் கூச்சமாக இருந்தது.

“ஞாபகத்துக்கு போட்டோ இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற பேச்சுப் பேசு.”

அவன் இவ்வளவு கறாராகப் பேசி நான் கேட்டதில்லை. பம்பு செட் வியாபாரத்தில் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்து நஷ்டப்படுகிறவன்.

ஜூலை 14

சிக்கந்தர் பாயிடம் பேரேட்டுப் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பழைய ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார். “நாப்பத்தஞ்சு வருஷமா இந்தக் கடையில உக்காந்திருக்கேன் டீச்சர். இடது கைக்காரனுக்கு ஒண்ணு செஞ்சு நான் பார்த்ததில்லை. கோணல்னுட்டேன் பாருங்க.” டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 20

மழை. கூரையில் இரண்டு ஓடு மாற்றினோம். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள், ஏறியது நான்.

கேரோவின் பங்களா இருந்த இடத்தில் இப்போது யாரோ ரிசார்ட் கட்டுகிறார்கள். வேலி இருந்த இடம் எது என்று அம்மா காட்டினாள். அந்தச் சனிக்கிழமைகளை நான் பார்த்தது போலவே தோன்றுகிறது; நான் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பு நடந்தவை. நினைவு என்று நாம் சொல்வதில் பாதி இப்படித்தான் என்று வகுப்பில் சொல்வேன். அதற்காக இதை விட்டுவிட மனமில்லை.

ஜூலை 27

அண்ணன் வந்திருக்கிறான். நாளை திண்டுக்கல் கலெக்டர் அலுவலகம். ஒப்படைப்புக் கடிதத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அம்மா பெயருக்கு மாற்றும் மனு என் பையில் இருக்கிறது. நான்கு பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறேன்: கம்பெனியின் வரலாறு, பேரேடு, அளவுப் படிவம். பன்றி இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணன் பன்றிக் கதையை எடுத்தான். அப்பா சொல்லும் அதே இடங்களில் நிறுத்தி, அதே போலக் கையை நீட்டி. அம்மா அவனுக்கு ரசம் ஊற்றினாள். நான் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. அவன் இரண்டு தடவை என்னைப் பார்த்தான், கேட்பேன் என்று எதிர்பார்த்தவன் போல.

முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை வத்தலக்குண்டில் காப்பிக்கு நிறுத்துவான். அம்மா காரிலிருந்து இறங்க மாட்டாள். அங்கே அவனிடம் சொல்லிவிடுவேன். அம்மா சொல்லாதே என்றாள்தான். சொல்லாவிட்டால் துப்பாக்கி போய்விடும். அவன் கோபப்படுவான், நம்ப மாட்டான், தாளைக் காட்டுவேன். அப்பாவை நான் எப்போதும் கேலி செய்தவள் என்பதால் என்னை நம்புவது அவனுக்குக் கஷ்டமாக இருக்கும். அதற்கும் பதில் யோசித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 28

நடந்தது இதுதான்.

வத்தலக்குண்டில் காப்பிக்கு நிறுத்தினான். அம்மா இறங்கவில்லை. நான், “அண்ணே, அந்தப் பன்னி...” என்று ஆரம்பித்தேன்.

“வேண்டாம் கொடி. சொல்லாதே,” என்றான். “எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எல்லாம். எனக்கு அப்ப அஞ்சு முடிஞ்சு ஆறு. உன்னை ரெண்டு காப்பிச் செடிக்கு நடுவுல சேலையில தொட்டில் கட்டிப் போட்டிருந்தாங்க. ஆட்டிக்கிட்டிருந்தது நான். பன்னி நேரா அங்கதான் வந்துச்சு. நான் ஓடலை, ஓடத் தெரியலை. அப்பா மரத்து மேலேர்ந்து என் பேரைச் சொல்லிக் கத்துறாரு. அம்மா எங்கேர்ந்து வந்தான்னே தெரியலை.”

அம்மா தொட்டிலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

“ஏண்ணே எங்கிட்ட சொல்லலை?”

“நீ ஆதாரம் கேப்பே.” காப்பி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். “நீ அன்னிக்கு ஆளுக முன்னாடி அப்பாவைக் கிண்டல் பண்ணினியே, அஞ்சு கிலோ பன்னின்னு. அப்பா அன்னிக்கு என்கிட்ட வந்து, இவகிட்ட சொல்லிரட்டுமாடான்னாரு. வேண்டாம்ப்பான்னுட்டேன். தப்புப் பண்ணிட்டேனோ என்னமோ.”

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் அப்பா அவனிடம் ஒரு வாக்கு வாங்கியிருக்கிறார். துப்பாக்கியை ஒழித்துவிடு, விவரம் தெரிந்தவன் கையில் போனால் அது யாருக்காகச் செய்தது என்று ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான். அதனால்தான் அந்தக் கறார். அம்மாவுக்கு அவனிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அவனுக்கு அம்மாவிடம் மறைக்க ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று மறைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியாதவள் என்று இருந்தது நான் மட்டும்தான்.

காருக்குத் திரும்பினோம். அம்மா ஜன்னலை இறக்கினாள்.

“ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?”

அண்ணன் வண்டியை எடுத்தான்.

“அவரு உன்கிட்ட என்ன கேட்டாருன்னு எனக்குத் தெரியும்டா கதிரு. அவரு கால்மாட்டுலதான உக்காந்திருந்தேன். நான் தூங்குறேன்னு ரெண்டு பேரும் நெனச்சீக. உன்னைச் சங்கடப்படுத்த வேண்டாம்னுதான் இவளையும் உன்கிட்ட பேசாதேன்னேன். போற மனுஷன் கேட்டா சரின்னுதான் சொல்லணும். சொன்னே, நிம்மதியாப் போனாரு. அது முடிஞ்சுபோச்சு. இப்ப இருக்கிறவ கேக்குறேன், கையெழுத்துப் போடு.”

“ஊருல தெரிஞ்சுரும்மா.”

“யாருக்கு? அன்னிக்குப் பாத்த பொம்பளைக ஏழு பேரும் செத்துப்போனாங்க. அவுகளும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை.”

திண்டுக்கல்லில் வண்டியை நிறுத்திய பிறகு, என் பையிலிருந்த மனுவை அவனே கேட்டு வாங்கி, கார் கூரைமேல் வைத்து, சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி போட்டான்.

பிரிவு எழுத்தர் முப்பது வயதுப் பெண். என் நான்கு பக்கத்தையும் புரட்டிக்கூடப் பார்க்காமல் கோப்பில் செருகினாள்.

“பாட்டி, உங்களுக்கு எதுக்கு இது?”

“என் சாமான்மா.”

“அப்படிக் காரணம் எழுத முடியாது. பயிர்ப் பாதுகாப்பு, தற்காப்பு, விளையாட்டு, குடும்பச் சொத்து. இதுல ஒண்ணு சொல்லுங்க.”

“சொந்தச் சாமான்னு இல்லையா?”

“இல்லை.”

“அப்ப நீயே பார்த்து ஒண்ணப் போடு.”

எழுத்தர் குடும்பச் சொத்து என்று எழுதினாள். தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதப் போனபோது அண்ணன், “விவசாயம்னு போடுங்க,” என்றான். போலீஸ் விசாரணை வரும், தாசில்தார் அறிக்கை வரும், கண் டாக்டர் சான்றிதழ் வேண்டும். இந்த வயசுக்குக் கிடைப்பது சந்தேகம்தான் என்று எழுத்தர் மறைக்காமல் சொன்னாள். மனு நிலுவையில் இருக்கும்வரை துப்பாக்கி கடையிலேயே இருக்கும், யாரும் உருக்க மாட்டார்கள். அம்மா அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு எழுத்தர் நான்கு பாஸ்போர்ட் அளவு போட்டோ கேட்டாள். நாங்கள் கொண்டுவரவில்லை. அம்மாவிடம் தனியாக எடுத்த போட்டோ ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எல்லாவற்றிலும் அப்பாவின் பக்கத்தில் நிற்கிறாள்.

எதிரே ஒரு ஸ்டூடியோ. மாடிப்படி செங்குத்து. அண்ணன் அவள் கையைப் பிடிக்கப் போனான். பையை மட்டும் அவனிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். முக்காலியில் உட்கார வைத்தார்கள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். சேலைத் தலைப்பை நான் சரிசெய்தேன். போட்டோ எடுக்கிறவர், “பாட்டி, கொஞ்சம் சிரிச்ச மாதிரி,” என்றார். அவள் சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தாள்.

வெளிச்சம் அடித்தது. அண்ணனும் நானும் கண்ணை மூடிக்கொண்டோம்.

அவர் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். “வயசானவங்க எல்லாம் சிமிட்டிருவாங்க சார், நாலஞ்சு தடவை எடுக்கணும். இவங்களுக்கு இன்னொண்ணு தேவையில்லை,” என்றார்.

மூன்று மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.